மூன்று கப் மைதா: அக்காவின் கேக் தங்கையிடம் ஏன் வரவில்லை?

திருச்சி தில்லை நகரில் நான் நடத்தும் பேக்கிங் வகுப்புக்கு வரும் ஒருவர் கொண்டுவந்த வழக்கு இது. அவருடைய அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறார். பிள்ளைகளின் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் ஒரே வெண்ணெய் கேக்தான். அதன் குறிப்பைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தார். தங்கை செய்தார். நடு மேடாக எழும்பி வெடித்தது, ஓரம் வெளுத்தே இருந்தது, கத்தியை வைத்தால் உதிர்ந்தது, வாயில் போட்டால் தண்ணீர் கேட்டது. மறுபடி செய்தார், மறுபடி அதே.

"அக்கா, நீ எழுதிய அளவுதான் போட்டேன். ஒரு கரண்டிகூட மாற்றவில்லை" என்று தங்கை சொல்ல, "அப்படியானால் உன் ஓவனில்தான் கோளாறு" என்று அக்கா சொல்ல, விவகாரம் என்னிடம் வந்தது. இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

குறிப்பு இவ்வளவுதான்: வெண்ணெய் 1 கப், சர்க்கரை 2 கப், மைதா 3 கப், முட்டை 4, பால் 1 கப், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வனிலா கொஞ்சம். 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 180 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் இதற்கு ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு கேக் என்றே பெயர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, முட்டை என்ற வரிசையில் எண்ணிக்கொண்டே போகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மனப்பாடமாக வைத்துக்கொள்ளக்கூடிய குறிப்பு. 19-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே வீட்டுக்கு வீடு புழங்கிவருவது.

முதலில் சந்தேகப்பட்டவை

ஓவனுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். சரியாகவே இருந்தது. பேக்கிங் பவுடரைச் சுடுதண்ணீரில் போட்டோம். நன்றாகவே பொங்கியது. அவரிடம் இருப்பது சிறிய ஓடிஜி, மேஜைமேல் வைக்கும் மின் ஓவன். இரண்டு தட்டுகளை அடுத்தடுத்துத்தான் வைக்க முடியும், இரண்டாவது தட்டு மாவு காத்திருந்து வீணாகியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் முதல் தட்டும் அதே லட்சணத்தில்தான் வந்திருந்தது. இவ்வளவும் விலகிய பிறகு மிஞ்சியது அளவு.

"கப்பில் அளந்ததைத் திரும்ப ஏன் பார்க்க வேண்டும் டீச்சர், மூன்று கப் என்றால் மூன்று கப்தானே?" என்றார். தராசை எடுத்து மேஜையில் வைத்தேன். வீட்டில் எப்படிச் செய்வாரோ அப்படியே, அதே பாத்திரங்களோடு, அதே கப்போடு அளக்கச் சொன்னேன். ஒரு நிபந்தனை மட்டும்: தராசின் எண் தெரியும் பக்கத்தை ஒரு கைத்துணியால் மூடிவிட்டேன். எண் கண்ணில் பட்டால் கை தானாகவே திருந்திவிடும். பிறகு எதைக் கண்டுபிடிப்பது?

மைதா ஓர் உயரமான எவர்சில்வர் டப்பாவில் இருந்தது, வாய்வரை அழுத்தி நிரப்பியிருந்தார். கப்பை உள்ளே விட்டு மொண்டார். டப்பாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டியதில் மாவு இறங்கியது, மேலே இடம் தெரிந்தது. அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் மாவால் நிரப்பி, ஆள்காட்டி விரலால் வழித்துவிட்டார். யாரும் குறை சொல்ல முடியாத, தலைதட்டிய கப். இப்படி மூன்று. துணியை எடுத்துப் பார்த்தேன்: 456 கிராம்.

சர்க்கரைக்கு ஒரு பாட்டிலை எடுத்தார். மிக்சியில் முன்பே பொடித்து வைத்த சர்க்கரை. அதில் இரண்டு கப். 268 கிராம். இந்த இடத்திலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் பேசாமல் இருந்தேன். வெண்ணெய்க்குக் கப்பையே தொடவில்லை. 100 கிராம் பாக்கெட் இரண்டு, "ஒரு கப்புக்கு இவ்வளவு வரும்" என்ற கணக்கில். நான்கு முட்டை, ஓடு நீக்கி 182 கிராம். பால் ஒரு கப் 257 கிராம்.

அன்று இரவு அக்காவும் அங்கே தன் தராசில் அளந்து அனுப்பினார். அவர் மாவை முதலில் முள்கரண்டியால் கிளறித் தளர்த்திவிட்டு, கரண்டியால் அள்ளி அள்ளிக் கப்பில் இட்டு, கத்தியின் முதுகால் வழிப்பவர். மாவு 364, சர்க்கரை 399, வெண்ணெய் இரண்டு குச்சி (அங்கே வெண்ணெய் விற்கும் நீளக் கட்டி) 226, முட்டை 201, பால் 244.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்

மைதா தங்கையிடம் கால் பங்கு கூடுதல். சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு குறைவு. வெண்ணெய் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. முட்டையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அக்காவின் கேக்கில் 100 கிராம் மாவுக்கு 110 கிராம் சர்க்கரை. தங்கையின் கேக்கில் 59. இவை ஒரே கேக்கின் இரண்டு வடிவங்களே அல்ல. தங்கை செய்தது கேக்குக்கும் இனிப்பு பன்னுக்கும் நடுவே கிடக்கும் ஏதோ ஒன்று.

சர்க்கரையை இனிப்புக்காகப் போடும் பொருளாக மட்டும் நினைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அது தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மாவிலுள்ள பசைப்புரதம் இழுவையாக இறுகுவதைத் தடுக்கிறது. மாவின் ஸ்டார்ச் வெந்து கெட்டியாகும் வெப்பநிலையை மேலே தள்ளுகிறது. அந்த அவகாசத்தில்தான் கேக் மெதுவாக, சமமாக எழும்புகிறது. சர்க்கரை குறைந்து மாவு கூடினால் ஓரமும் மேல்பக்கமும் சீக்கிரம் இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரமாவுக்கு வழி நடுவில்தான், அது முட்டிக்கொண்டு வெடிக்கும். நிறம் வராததற்கும் காரணம் அதுவே. ஓவன் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

சர்க்கரை எப்படி இவ்வளவு குறைந்தது? நம் ஊர்ச் சர்க்கரை பெரிய பெரிய கல்லாக இருக்கும், வெண்ணெயோடு அடித்தால் லேசில் கரையாது. அதனால் பொடித்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். பொடித்த சர்க்கரையில் துகளுக்குத் துகள் காற்று. 250 மில்லி கப்பில் கல் சர்க்கரை 210 கிராமுக்கு மேல் நிற்கும். வீட்டில் பொடித்தது 130, 135-தான் நிற்கும். அளந்துவிட்டுப் பொடித்திருந்தால் வழக்கே இல்லை. பொடித்துவிட்டு அளந்தார்.

இதே வரிசைச் சிக்கல் மாவிலும் உண்டு. "சலித்த மாவு 3 கப்" என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். "மாவு 3 கப், சலித்துக்கொள்ளவும்" என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கப்புக்கு 15, 20 கிராம் போய்விடும். அமெரிக்கக் குறிப்புகளில் இந்த வேறுபாடு ஒரு காற்புள்ளியில் தொங்கிக்கொண்டிருக்கும். தமிழில் எழுதும்போது பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நான் கோபப்படும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

கப்பின் அளவா, கையின் அளவா

கப் என்றதும் எல்லோரும் முதலில் சண்டை போடுவது கப்பின் கொள்ளளவைப் பற்றி. சண்டைக்கு இடம் இருக்கிறது. அமெரிக்கக் கப் 236.6 மில்லி, அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்துப் பட்டியலுக்கு மட்டும் 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. பிரிட்டனின் பழைய கணக்கில் அரைப் பைண்ட், அதாவது 284. ரைஸ் குக்கரோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி; அது ஜப்பானின் பழைய அரிசி அளவு. நம் கடைகளில் விற்கும் செட்டுகளில் 240-உம் இருக்கிறது, 250-உம் இருக்கிறது. தங்கையின் கப்பில் அடியில் 250 என்று பொறித்திருந்தது.

சரி, 236.6-க்கும் 250-க்கும் வித்தியாசம் எவ்வளவு? 6 சதவீதம்கூட இல்லை. ஆனால் மாவில் வந்த வித்தியாசம் 25 சதவீதம். கப்பின் பங்கைக் கழித்துவிட்டால் மீதி 19 சதவீதம் அளந்த விதத்தால் வந்தது. அதாவது கப் செய்த பிழையைவிடக் கை செய்தது மூன்று மடங்கு. இது வாதத்துக்கு உரியதல்ல, அங்கேயே செய்து பார்த்தோம். அதே டப்பா மைதா, அதே 250 மில்லி கப், அதே பெண். சலித்துக் கரண்டியால் இட்டபோது 118 கிராம். கிளறித் தளர்த்திக் கரண்டியால் இட்டபோது 128. கப்பாலேயே மொண்டு, முன்போல இரண்டு தட்டுத் தட்டி வழித்தபோது 151. விடாமல் தட்டித் தட்டி இறக்கி நிரப்பியபோது 166. நான்கும் தலைதட்டிய கப்தான்.

அவர் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் ஒரு கப் மைதா எத்தனை கிராம் டீச்சர்?" என்று கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்வி. யார் கப், யார் கை என்று சொல்லாதவரை அதற்குப் பதில் கிடையாது.

நம் சமையலில் இது தொல்லையாகத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் எந்த டம்ளரில் அளந்தாலும் நான்குக்கு ஒன்றுதான். ஆழாக்கோ உழக்கோ, விகிதம் மாறாது. அரிசியும் உளுந்தும் மாவைப்போல அமுங்கவும் செய்யாது. ஒன்று-இரண்டு-மூன்று கேக்கும் இதே தத்துவத்தில்தான் பிறந்தது. எல்லாமே ஒரே கப்பில் அளந்தால் கப் பெரிதானாலும் சிறிதானாலும் கேக் பெரிதாகும், சிறிதாகும், கெட்டுப்போகாது. ஆனால் முட்டை கப்பில் வருவதில்லை. வெண்ணெய் பாக்கெட்டில் வருகிறது. பேக்கிங் பவுடர் கரண்டியில் வருகிறது. கப் பெரிதாகும்போது இவை மூன்றும் கூடவே பெரிதாவதில்லை. இந்த வழக்கில் மாவும் பாலும் வளர்ந்தன, முட்டையும் வெண்ணெயும் பின்தங்கின.

அமெரிக்காவில் 'லார்ஜ்' என்று விற்கும் முட்டை டஜனுக்குக் குறைந்தது 24 அவுன்ஸ் இருக்க வேண்டும். ஒன்றுக்கு 57 கிராம், ஓட்டை நீக்கினால் 50. தங்கை வாங்கியது நாமக்கல் முட்டை, உடைத்தால் 45, 46. வெண்ணெயைப் பொறுத்தவரை அங்கே கால் பவுண்டுக் குச்சிகளாக, 113 கிராம் வீதம், காகிதத்தில் மேசைக்கரண்டிக் கோடு போட்டு விற்கிறார்கள். இரண்டு குச்சி என்றால் ஒரு கப், கப்பில் அடைத்து அளக்க வேண்டியதே இல்லை. இங்கே 100 கிராம், 500 கிராம் பாக்கெட். இரண்டு பாக்கெட் என்று உருட்டியதில் 26 கிராம் போயிற்று.

எந்த எடையை நம்புவது

அக்கா தராசில் அளந்து அனுப்பியதால் இந்த வழக்கு சுலபமாக முடிந்தது. குறிப்பை எழுதியவரைக் கேட்க வழியில்லாதபோது என்ன செய்வது? அதற்காகத்தான் இந்தக் கேக்கையே கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டினால் அது கப்பில் பிறந்ததல்ல, எடையில் பிறந்தது என்று தெரிகிறது.

இதன் மூதாதை பவுண்டு கேக். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, நான்கும் ஒவ்வொரு பவுண்டு. 1796-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் முட்டைக்கு "ஒரு பவுண்டு, அல்லது பத்து முட்டை" என்று போட்டிருக்கிறார். பத்து முட்டை ஒரு பவுண்டு என்றால் ஒன்று 45 கிராம். ஏறக்குறைய நம் நாமக்கல் கணக்கு. இலங்கைத் தமிழ் வீடுகளின் பழைய நோட்டுகளில் கேக் குறிப்புகள் இன்னும் இறாத்தலிலும் (பவுண்டு) அவுன்சிலும் இருப்பதும் பவுண்டு என்ற அதே பிரிட்டிஷ் அளவின் வழிதான். ஓர் இறாத்தல் பாண் (ரொட்டி) என்று இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். அந்த நோட்டுகளைக் கிராமுக்கு மாற்றுவதில் தகராறே வராது. ஓர் இறாத்தல் 454 கிராம், ஓர் அவுன்ஸ் 28, முடிந்தது.

அமெரிக்க வீடுகள் தராசை விட்டுக் கப்புக்குப் போயின. ஆரம்பத்தில் அது தேநீர்க் கப், காபிக் கப், கிடைத்த கப். குவித்த கரண்டி, முட்டையளவு வெண்ணெய் என்றெல்லாம் எழுதினார்கள். 1896-இல் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் தன் புத்தகத்தில் கப்பையும் கரண்டியையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று விதி போட்டார். அதிலிருந்துதான் இன்றைய கப் முறை. அவர் கூடவே ஓர் எடைப் பட்டியலும் கொடுத்திருக்கிறார்: வெண்ணெய் இரண்டு கப் ஒரு பவுண்டு, சர்க்கரை இரண்டு கப் ஒரு பவுண்டு, மாவு நான்கு கப் ஒரு பவுண்டு, பெரிய முட்டை ஒன்பது ஒரு பவுண்டு.

இதை வைத்துப் பாருங்கள். நான்கு கப் மாவு ஒரு பவுண்டு என்றால் ஒரு கப் 113 கிராம். மூன்று கப் முக்கால் பவுண்டு, 340 கிராம். இரண்டு கப் சர்க்கரை ஒரு பவுண்டு. ஆகவே இந்தக் கேக்கில் மாவைவிடச் சர்க்கரை எடை கூடுதல் என்பது பிறவிக் குணம்.

இன்றைய அமெரிக்காவிலேயே ஒரு கப் மாவுக்கு ஒரே எடை கிடையாது. மாவு விற்கும் கிங் ஆர்தர் பேக்கிங் நிறுவனம் 120 கிராம் என்கிறது. அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் என்ற சமையல் நிறுவனம் ஐந்து அவுன்ஸ், 142 கிராம் என்கிறது. அவர்கள் கப்பால் மொண்டு வழிப்பவர்கள். அந்நாட்டு வேளாண் துறையின் பட்டியலில் 125. மூன்று கப்பில் 360-ஆ, 426-ஆ? 66 கிராம் இடைவெளி. அரைக் கப்பையும் தாண்டிவிட்டது.

இங்கேதான் கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் சமநிலைக் கணக்கு கைகொடுக்கிறது. இந்த வகை கேக்கில் சர்க்கரையின் எடை மாவின் எடைக்குச் சமமாக அல்லது கூடுதலாக இருக்க வேண்டும். முட்டை, பால் ஆகிய ஈரப்பொருட்களின் எடை சர்க்கரையைவிடக் குறையக் கூடாது. முட்டையின் எடை கொழுப்பின் எடையை எட்ட வேண்டும். 120 வைத்துப் பார்த்தால் மாவு 360, சர்க்கரை 400: பொருந்துகிறது. முட்டையும் பாலும் சேர்ந்து 440-க்கு மேல்: பொருந்துகிறது. வெண்ணெய் 226-இல் கொழுப்பு 80 சதவீதம், 181. முட்டை 200: பொருந்துகிறது. 142 வைத்தால் மாவு 426, சர்க்கரையைத் தாண்டிவிடுகிறது. எனவே இந்தக் குறிப்பை எழுதிய பரம்பரை, மாவைத் தளர்த்தி அளந்த பரம்பரை. அக்காவின் 364 அதற்குச் சாட்சி.

எல்லாக் குறிப்புக்கும் 120 என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மொண்டு வழிப்பவர் எழுதிய பிஸ்கட் குறிப்பில் 120 போட்டால் பிஸ்கட் தட்டெங்கும் வழிந்து ஓடும். எழுதியவர் எடையும் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடையைப் பின்பற்றலாம். புத்தகமாக இருந்தால் முன்பக்கங்களில் எப்படி அளந்தோம் என்று பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் சமநிலைக் கணக்கு.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பட்டியல்

தங்கை ஒரு படத்தைக் காட்டினார். எங்கிருந்தோ எடுத்து அச்சிட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்த பட்டியல். ஒரு கப் 250 கிராம், முக்கால் கப் 188 கிராம், அரைக் கப் 125 கிராம் என்று எந்தப் பொருளின் பெயரும் இல்லாமல் போயிற்று. அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். 250 மில்லி கப்பில் 250 கிராம் நிற்பது தண்ணீர் மட்டும்தான். அந்தப் பட்டியலை நம்பி மைதா போட்டால் இரு மடங்கு விழும். அமெரிக்கக் கப்பிலேயே கோகோ பவுடர் 85 கிராம், மாவு 120, எண்ணெய் 218, தேன் 340. நான்கும் ஒரே கப். பொருளின் பெயர் இல்லாத பட்டியல் எதுவானாலும் அது தண்ணீருக்கான பட்டியல்.

அவுன்ஸிலும் இப்படியொரு பொறி உண்டு. திரவ அவுன்ஸ் வேறு, எடை அவுன்ஸ் வேறு. எட்டுத் திரவ அவுன்ஸ் ஒரு கப். எட்டு எடை அவுன்ஸ் 227 கிராம். பாலுக்கும் தண்ணீருக்கும் இரண்டும் அருகருகே வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. தேனுக்கு வரும்போது தெரியும்.

கிராமில் எழுதியபோது

குறிப்பை இப்படி மாற்றினோம்: வெண்ணெய் 225, சர்க்கரை 400, மைதா 360, ஓடு நீக்கிய முட்டை 200, பால் 240. முட்டையை நான்காக உடைத்தால் 180-தான் வந்தது. ஐந்தாவதை உடைத்து அடித்து, அதிலிருந்து 20 கிராம் சேர்த்தோம். இங்கே கிடைக்கும் டேபிள் பட்டரில் உப்பு இருப்பதால் உப்பை எடுத்துவிட்டோம். சர்க்கரையை எடைபோட்ட பிறகு மிக்சியில் இரண்டே சுற்று, ரவைப் பதத்துக்கு. மாவாகப் பொடித்துவிட்டால் வெண்ணெயோடு அடிக்கும்போது காற்று ஏறாது. கூர்மையான துகள்கள்தான் வெண்ணெய்க்குள் காற்றுக்குழிகளை உண்டாக்குகின்றன.

பேக்கிங் பவுடரைக் கிராமுக்கு மாற்றவில்லை, வேண்டுமென்றேதான். வீட்டுத் தராசுகள் ஒரு கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும், அதையும் மூன்று நான்கு கிராம் என்ற அளவில் நம்ப முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில தராசுகள் விழுந்ததையே உணராமல் பூஜ்யத்திலேயே நிற்கும். தலைதட்டிய தேக்கரண்டி 5 மில்லி என்பது இங்கும் அமெரிக்காவிலும் ஒன்றே, அதில் பிழைக்கு இடம் குறைவு. நகைக்கடைக்காரர் வைத்திருப்பதைப் போன்ற சிறு தராசு இருந்தால் ஈஸ்டுக்கு நன்று. மேசைக்கரண்டியில் மட்டும் கவனம் வேண்டும்: 15 மில்லி என்று நினைத்திருப்போம், ஆஸ்திரேலியக் குறிப்பில் அது 20. உப்புக்கும் கரண்டிக் கணக்கு ஆபத்து. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கோஷர் உப்பு பெரிய செதில்கள்; டயமண்ட் கிரிஸ்டல் என்ற வகை ஒரு தேக்கரண்டியில் 3 கிராம் அளவில்தான் நிற்கும். நம் பொடி உப்பு 6 கிராம். அப்படியே போட்டால் இரட்டை உப்பு.

கேக் வந்தது. மேல்பக்கம் சமமாக, பொன்னிறமாக, வெட்டினால் உதிராமல். அக்காவுக்குப் படம் போயிற்று. "இதுதான், இதேதான்" என்று பதில். ஆனால் தங்கைக்கு முகம் முழுவதும் மலரவில்லை. "அக்கா, இவ்வளவு இனிப்பா?" என்று கேட்டார். அவர் அதுவரை சாப்பிட்ட தன் கேக்கில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை குறைவு அல்லவா! சர்க்கரையை 360-க்குக் குறைக்கலாம், மாவோடு சமமாகும், சமநிலை உடையாது என்றேன். அதற்குக் கீழே போனால் வேறு கேக் தேட வேண்டும். 360-இல் செய்தது அந்த வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

நியூ ஜெர்சிக் கேக்கும் திருச்சிக் கேக்கும் கிராம் கணக்கில் ஒன்றானாலும் அச்சாக ஒன்றல்ல. மைதா வேறு, சர்க்கரைத் துகள் வேறு, நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த மாவு கொஞ்சம் தண்ணீரையும் குடித்திருக்கும். இவை சின்ன வித்தியாசங்கள். தராசு தீர்த்துவைத்தது பெரிய வித்தியாசத்தை.

அம்மாவுக்காகத் திரும்பவும் கப்புக்கு

வழக்கு இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் அம்மாவுக்கும் இந்தக் கேக் வேண்டும், ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார், தராசு வாங்கிக் கொடுத்தால் மூலையில் வைப்பார். "அம்மாவுக்குக் கப்பில்தான் எழுத வேண்டும் டீச்சர்" என்றார் தங்கை. நியாயம்தான். தராசுக்காரர்கள் கப்பைக் கண்டால் முகம் சுளிப்பது எனக்கு உடன்பாடில்லை. கப் தெரிந்த கப்பாக, கை தெரிந்த கையாக இருந்தால் கப்பும் ஒழுங்காக வேலை செய்யும்.

எனவே எதிர்த்திசையில் போனோம். அம்மா வீட்டுக் கப்பை வரவழைத்தோம், 250 மில்லி. மைதாவைக் கிளறிக் கரண்டியால் இட்டால் 128 கிராம் என்று முன்பே தெரியும். 360-க்கு இரண்டே முக்கால் கப்பும் ஒரு மேசைக்கரண்டியும் சரியாக வந்தது. சர்க்கரை இனிப்பைக் குறைத்த கணக்கில் 360. கல் சர்க்கரையாகவே ஒரு கப்புக்கு 212 என்றால் ஒன்றேமுக்கால் கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி குறைவு. வெண்ணெய் இரண்டு பாக்கெட், மூன்றாவதில் கால் பாகம். பால் ஒரு கப், விளிம்பிலிருந்து ஒரு விரல்கூட இல்லை, ஒரு நகக்கண் இடம் விட்டு. முட்டைக்கு, சின்னதாக இருந்தால் ஐந்து, பெரிதாக இருந்தால் நான்கு. ஐந்து போட்டால் 25 கிராம் கூடும், அதற்கேற்பப் பாலை இரண்டு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளலாம்.

எண்களுக்கு மேலே, தடித்த எழுத்தில் இரண்டு வரி எழுதச் சொன்னேன். மாவை டப்பாவில் கிளறிவிட்டுக் கரண்டியால் கப்பில் இட வேண்டும், தட்டக் கூடாது. சர்க்கரையை அளந்த பிறகுதான் பொடிக்க வேண்டும். இந்த இரண்டு வரி இல்லாமல் கீழே உள்ள பின்னங்களுக்கு அர்த்தமே கிடையாது.

அம்மா செய்துவிட்டார், வந்துவிட்டது. அடுத்து அக்காவின் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டில் வேண்டுமாம், அரைக் கப் மைதாவை எடுத்துவிட்டு அரைக் கப் கோகோ போட்டால் போதுமா என்று அங்கிருந்து கேள்வி வந்திருக்கிறது. அமெரிக்கக் கப்பில் அரைக் கப் மாவு 60 கிராம், அரைக் கப் கோகோ 42 கிராம். ஆனால் கோகோ மாவைவிட அதிகமாக ஈரத்தைக் குடிக்கும். 60 கிராம் மாவை எடுத்துவிட்டு 45 கிராம் கோகோ போடவும், பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டவும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.